மாமன் வைத்த கம்ப்யூட்டர்

பல்லடம்,
10-8-2025

அன்புள்ள தம்பிதுரைக் கண்ணுக்கு, அத்தை பழனாத்தாள் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் இருக்கிறவர்கள்கூட அதைப் படிக்காமல் மடித்து வைக்கமாட்டார்கள். உங்கள் தங்கச்சி பிரவீனாவின் மகள் ரித்திகா எம்.காம். முடித்துவிட்டாள், காலேஜில் இரண்டாவது இடம். முதலிடம் வந்த பிள்ளையின் அப்பா அங்கேயே வாத்தியார் என்று கேள்வி. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தம்பி மிதுன் சிலம்பத்தில் ஜில்லாவிலேயே முதல் பரிசு வாங்கினான். கொடுத்த கோப்பை சோற்றுக் குண்டான் உயரம் இருக்கிறது, வைக்க இடம் இல்லாமல் டிவி மேல் வைத்திருக்கிறோம். தொண்டாமுத்தூரில் கட்டிக் கொடுத்த என் மகளின் பிள்ளை மௌனிகா மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாளே, அவள் போன மாதம் ஒரு எருமைக்குத் தனியாக நின்று பிரசவம் பார்த்தாள். தாயும் கன்றும் நலம். உங்கள் மகள் லாஸ்யா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கியதைப் பிரவீனா போனில் காட்டினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அப்படியும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன்.

இனி நம் சேதி.

ஆடி நோம்பிக்கு நீங்கள் வரவில்லை. பிரவீனா உங்களுக்கென்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்து வைத்து, பூனை வந்து மோந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள். போன் போட்டால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். மிதுன் நம்பரிலிருந்து கூப்பிட்டேன், என் இருமலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அஞ்சாவதோடு நின்றவள், கை கோணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரியும். ரித்திகா சடங்கானபோது தாய்மாமன் சீராக நீங்கள் வைத்த கம்ப்யூட்டரை விற்பதாகப் போனில் விளம்பரம் வந்தது. போட்டது அவள்தான். "பழசை வித்துட்டா புதுசுக்குக் கொஞ்சம் ஆகுமே ஆத்தா" என்று நினைத்தாளாம். சீரை விற்கிறதா, யாரைக் கேட்டுப் போட்டாய் என்று நான் வைத வேகத்தில் அன்றைக்கே எடுத்துவிட்டாள். விளம்பரம் இருந்தது ஒரு பொழுதுதான்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது, அது நிசம். காலையில் பொத்தானை அமுத்திவிட்டுப் போய்ப் பால் கறந்துவிட்டு வந்தால்தான் படம் தெரிகிறது. ரித்திகாவுக்குக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் பரீட்சை இருக்கிறது. வீட்டிலிருந்தே எழுத வேண்டுமாம். அறைக்குள் அவளைத் தவிர ஆள் இருக்கக் கூடாது, கேமிராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். போனில் எழுத விடமாட்டார்கள், நெட் சென்டரிலும் ஆகாது. என் மகன் சென்னியப்பன், "ஒரு டப்பாவுக்கு எதுக்கும்மா இத்தனை பஞ்சாயத்து, நாளைக்கே புதுசு வாங்கிட்டு வாரேன்" என்கிறான். நான் விடவில்லை. மாமன் வைத்த சீரை மாமன் சொல்லாமல் மாற்றினால் அப்புறம் எந்த முகத்தோடு உங்களை வாங்க என்று கூப்பிடுவேன்?

உங்கள் வாயிலிருந்து "மாத்துங்க" என்று ஒரு சொல் வர வேண்டும். அதுவரை புதுசு இந்த வாசற்படி ஏறாது.

பதில் போடுங்கள். முத்திரை ஒட்டிய கவரும் உள்ளே வைத்திருக்கிறேன்.

அத்தை,
பழனாத்தாள்

*

பொள்ளாச்சி,
19-8-2025

அத்தை அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. பிள்ளைகள் சேதி படித்தேன். சந்தோஷம்.

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எடுக்கவில்லை. எழுத்து என்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தக் கடிதத்திலும் அடித்திருக்கிறேன்.

விளம்பரம் ஒரு பொழுதுதான் இருந்தது என்கிறீர்கள். அந்த ஒரு பொழுது வியாழக்கிழமை. நான் மாட்டுச் சந்தையில் நிற்கிறேன். சுப்பண்ணன், நம் பக்கத்துத் தோட்டக்காரர், கூட்டத்துக்கு நடுவில் போனைத் தூக்கிக் காட்டுகிறார். "ஏனுங்க தம்பிதுரை, இது நீங்க வெச்ச சீருதானுங்களே? விலைக்கு வந்திருக்குது பாருங்க" என்கிறார். இல்லை என்று சொல்ல வழியில்லை. பெட்டியின் மேல் 'தம்பிதுரை தேங்காய் மண்டி' என்று நான் ஒட்டின ஸ்டிக்கர் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. கீழே, 'பழசு, வந்த விலைக்குக் கொடுக்கப்படும்' என்று எழுதியிருக்கிறது.

நான் சீர் வைத்த காலத்தில் உங்கள் ஊரில் யார் வீட்டுச் சீரிலும் கம்ப்யூட்டர் வந்ததில்லை. டெம்போவில் வைத்துக் கொண்டுவந்ததை வாசலில் இறக்கி, மேளத்துக்குப் பின்னால் நான் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குக் கழுத்துக்கும் ஞாபகம் இருக்கிறது.

என் தங்கச்சியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பழசை விலைக்குப் போட்டால், மாமன் காதுக்கு எட்டி, அவனாகப் புதுசு வாங்கி வருவான் என்று போட்டிருக்கிறார்களாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று சொல்ல முடியாது. தென்னைக்கு வெள்ளை ஈ வந்து தோப்பெல்லாம் ஓலை கறுத்துக் கிடக்கிறது. மண்டிக்கு வருகிற காய் பாதி. இதுவும் உங்களுக்குத் தெரியாததல்ல.

மிஷினை வேண்டியபடி செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தம்பிதுரை

*

பல்லடம்,
26-8-2025

தம்பிதுரைக் கண்ணுக்கு,

அடித்த இடத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்கமாட்டேன். அடிக்க வேண்டும் என்று தோன்றியதே, அது போதும்.

"வேண்டியபடி செய்துகொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உத்தரவு இல்லை கண்ணு, கோபம். கோபத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போகமாட்டேன். சென்னியப்பனும் போகமாட்டான், வண்டிச் சாவி என் முந்தியில் இருக்கிறது.

புதுசுக்காக ஜாடை காட்டினோம் என்று எவன் சொன்னானோ, அவன் வீட்டுச் சீர் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், எழுதினால் மரியாதை இருக்காது. இந்த வீட்டில் யாரும் உங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் தோப்பைப் பற்றி வேளாண்மை ஆபீசில் கேட்டு மௌனிகாவை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எருமைதான் தெரியும், ஆனாலும் கேட்டுச் சொல்லுவாள்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. கம்ப்யூட்டர் உள்ளே ஆகாய விமானம் மாதிரி கத்த ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ரசாக்கைக் கூப்பிட்டோம். நல்ல பையன், நம் தறிக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் பார்க்கிறான். மேலே கிடந்த துணியை எடுத்தான். சீர் வந்த அன்று நீங்கள் சுற்றிக் கொண்டுவந்தீர்களே அந்த மஞ்சள் பட்டு, அதையேதான் இத்தனை வருஷமும் போர்த்தி வைத்திருக்கிறேன். மாமன் சீர், சும்மா கிடக்கலாமா?

"ஏனுங்க ஆத்தா, இதை ஏன் போத்தி வெச்சிருக்கீங்க?" என்றான்.

"புழுதி படாம இருக்கட்டும்னு."

"புழுதி படலீங்க. காத்தும் படலீங்க" என்றான்.

மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தால், ஐயோ, தலையணைக்குப் போதும் போல இருந்தது பஞ்சு. நம் தறிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறதல்லவா, எல்லாம் இதற்குள் வந்து குடியிருந்திருக்கிறது. பஞ்சுக்கு மேல் ஒரு படை வெள்ளை.

"இது என்னங்க, மாவா?"

ரித்திகாதான், "விபூதிங்கண்ணா. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஆத்தா ஓட்டை வழியா உள்ளுக்கும் தூவி உடுவாங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். பேத்தி என்று வளர்த்ததற்கு.

அதோடு விட்டானா? முன்பக்கம் சின்னதாக ஒரு சதுர ஓட்டை இருக்கிறதல்லவா, அதைக் குச்சியால் நோண்டினான். காய்ந்த சந்தனம் கட்டியாக வந்தது. "பொட்டு வெக்க வேற இடமே கெடைக்கலீங்களா ஆத்தா, பென் டிரைவ் சொருகற எடத்துலயா வெப்பீங்க?" என்றான். எனக்கு என்ன தெரியும், நெற்றி மாதிரி நடுவில் இருந்தது, வைத்தேன். சாமி கும்பிடாமல் போட்டு வைத்திருந்தால் மட்டும் கம்ப்யூட்டர் கைகட்டி நின்றிருக்குமோ?

சுத்தம் செய்தான், கத்தல் நின்றது. சரி, இன்னும் கொஞ்ச காலம் தாட்டுமா என்று கேட்டேன். அவன் ஒளிக்காமல் சொன்னான். "பாட்டுக் கேக்க, பில்லுப் போட ஓடுமுங்க. ஆனா அக்டோபருக்கு மேல இதுல இருக்கற விண்டோசுக்குப் பாதுகாப்பு வராதுங்க. புதுசு இந்த மிஷின்ல ஏறாதுங்க. பாப்பாவோட பரீட்சைக்கு இதை நம்பாதீங்க" என்றான்.

பரீட்சை செப்டம்பர் இருபதாம் தேதி. இப்போது சொல்லுங்கள் கண்ணு.

அத்தை,
பழனாத்தாள்

*

பொள்ளாச்சி,
2-9-2025

அத்தை அவர்களுக்கு,

சந்தன விஷயத்தைப் படித்து மண்டியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வேலைக்காரர்கள் என்ன ஏது என்று பார்த்தார்கள். சிரித்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

மௌனிகா எழுதியிருந்தாள். சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் அட்டை கட்டச் சொல்லி எழுதியிருக்கிறாள். கட்டியிருக்கிறேன். பெண்ணுக்கு நன்றி சொல்லவும்.

மிஷின் விஷயம். ரசாக் புதுசு விற்கிறவன், பழசை நம்பாதே என்றுதான் சொல்லுவான். கடைக்காரன் பேச்சை அப்படியே வாங்கக் கூடாது. ராம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கூடுதலாகப் போட்டால் வேகம் வரும். போடச் சொல்லுங்கள். மிஷின் தரமான மிஷின். கோயமுத்தூரில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன். ஒன்று சீருக்கு, ஒன்று என் மண்டிக்கு. ஒரு பொருள் எத்தனை நாள் நிற்கும் என்பது வைத்துக்கொள்கிற விதத்தில் இருக்கிறது. இதற்கு மேல் எழுதினால் குத்திக் காட்டுவது போல ஆகும்.

பார்த்து வைத்துக்கொண்டால் அதுவே ரித்திகாவின் பரீட்சைக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பிரவீனா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

இப்படிக்கு,
தம்பிதுரை

*

பல்லடம்,
8-9-2025

தம்பிதுரைக் கண்ணுக்கு,

நீங்கள் சொன்னீர்கள் என்று ராம் போட்டாயிற்று. ரசாக் வேண்டாம் என்றுதான் சொன்னான். "மாமன் சொல்லிட்டாரு, போடு" என்றேன். அதற்கு அவன் கூலிகூட வாங்கவில்லை, பாவம்.

நேற்றுக் காலை அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு வெள்ளோட்டப் பரீட்சை வைத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவாம். ரித்திகா தலை வாரி, நல்ல சுடிதார் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் வெளியே மூச்சு விடாமல் நின்றோம். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம், அணைத்துப் போட்டும் வரவில்லையாம்.

"ஆத்தா, இது நெசமான பரீட்சைல நின்னா மறுபடி கூப்புட மாட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். போய்த் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

பிரவீனா ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். இத்தனை நாளும் அவள் பேசவே இல்லை கண்ணு. அண்ணனையும் விட்டுக்கொடுக்க முடியாது, மகளையும் விட்டுக்கொடுக்க முடியாது, அவள் என்ன பேசுவாள்? நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அத்தை, நாளைக்கே புதுசு வாங்கிப் போடுங்க. எங்கண்ணன் வரலைன்னா எனக்குப் பொறந்த ஊடு இல்லைன்னு நெனச்சுக்கறேன். எம்புள்ளைக்கு இந்த ஒரு வேலை கெடைக்கட்டும்." இதைச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாடு குடித்து முடித்த பிறகும் வரவில்லை.

நான் இன்னும் வாங்கவில்லை. ஒரு மிஷினுக்காக என் மருமகள் பிறந்த வீட்டைத் தலை முழுகுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அதே மாதிரி, ஒரு சீருக்காகப் பேத்தி வேலையைத் தொலைப்பதற்கும் சம்மதிக்கமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

இன்னொரு சங்கதி. வைத்துக்கொள்கிற விதம் என்று எழுதியிருந்தீர்களே. ரித்திகா உங்கள் லாஸ்யாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு வாக்கில் லாஸ்யா சொல்லிவிட்டாள், மண்டியில் இருந்த கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போய் ரொம்ப நாளாச்சு, அப்பா இப்போது பில்லைக் கையில்தான் எழுதுகிறார் என்று. ஏனுங்க கண்ணு, ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாதிரி என்றீர்களே, அந்த ஜோடி இரும்புக்கடைக்குப் போகும்போது என்னிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லையே? நான் குத்திக் காட்டவில்லை. சும்மா கேட்டு வைத்தேன்.

லாஸ்யாவை ஒன்றும் சொல்லக் கூடாது. சொன்னால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்போது ஒரு யோசனை. பிரவீனா கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் போட்ட ஆரத்தை அழித்து, ரித்திகாவுக்கு வளையல் செய்தோம். நீங்கள்தான் ஆசாரியிடம் கூட வந்து உட்கார்ந்திருந்தீர்கள். அன்று உங்களுக்குக் கோபம் வந்ததா? வரவில்லை. ஆரம் போனாலும் பொன் உங்கள் வீட்டுப் பொன்தான் என்று தெரியும். ரசாக்கிடம் கேட்டேன். இந்தப் பழைய பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற தகடு ஒன்று இருக்கிறதாம், அது இன்னும் கெடவில்லையாம். புதுப் பெட்டிக்குள் அதையும் சேர்த்து மாட்டலாம் என்கிறான். அப்படி மாட்டினால் உங்கள் சீர் வீட்டை விட்டுப் போகவில்லை. உருவம் மாறுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஸ்டிக்கரையும் உரித்து ஒட்டிவிடலாம்.

சரி என்று தோன்றினால் நீங்களே வந்து நின்று மாற்றச் சொல்லுங்கள். ஆசாரியிடம் உட்கார்ந்த மாதிரி.

இருபதாம் தேதிக்குள் வாங்க.

அத்தை,
பழனாத்தாள்

*

பொள்ளாச்சி,
11-9-2025

அத்தைக்கு,

லாஸ்யாவை ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் என்னைச் சொன்னாள். "ரித்திகாக்கா பரீட்சைல நின்னு போச்சுன்னா உங்களாலதாம்ப்பா" என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னாள்.

மண்டி மிஷின் இரும்புக்குப் போனது உண்மை. தேங்காய் நார்த் தூசி புகுந்து நின்றுவிட்டது. நான் பட்டும் போர்த்தவில்லை, விபூதியும் தூவவில்லை. அப்படிப் பார்த்தால் உங்களுடையது என்னுடையதைவிட ரொம்ப காலம் உழைத்திருக்கிறது. நீங்கள் தூவினது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வாங்க அந்த வருஷம் முடியவில்லை, அப்புறமும் முடியவில்லை. உங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கிறவரை நான் வைத்த சீர் ஒன்றாவது நிற்கிறது என்று ஒரு நினைப்பு. அது விலைக்கு வந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பிரவீனா சொன்னதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு கொப்பரைச் சாக்கை எண்ண உட்கார்ந்தேன், எண்ண முடியவில்லை.

ஞாயிறு காலை வாரேன். முழுசும் வாங்குகிற நிலையில் இல்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு வரமாட்டேன். பெட்டியை மச்சான் வாங்கட்டும். நான் வந்து இறங்குவதற்கு முன்னால் பழசைத் திறக்க வேண்டாம்.

மாத்துங்க அத்தை.

தம்பிதுரை

*

பல்லடம்,
6-10-2025

என் கண்ணு தம்பிதுரைக்கு,

வேலை கிடைத்துவிட்டது. இதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். ரித்திகாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது, தீபாவளி கழித்துச் சேர வேண்டும். கோயமுத்தூரில் கணக்குப் பார்க்கிற கம்பெனி, ஏசி போட்ட ஆபீசு. உங்களுக்கு அவள் போனில் சொல்லியிருப்பாள். அதனால் என்ன, நான் எழுதிச் சொல்வது வேறு.

நீங்கள் அன்று வேனை விட்டு இறங்கி வந்ததை இந்தத் தெரு இன்னும் பேசுகிறது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மல்லிகைப்பூ, அதற்கு நடுவில் கீபோர்டும் மவுசும்! மவுசுக்கு நீங்கள் குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தீர்கள். சிரித்துவிடக் கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், பிரவீனா வாசலிலேயே சிரித்தாள். அப்புறம் அழுதாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். எதிர்வீட்டுக்காரி வந்து, "ஏனுங்க, கீபோர்டைக்கூடச் சீரு வெப்பாங்களா?" என்று கேட்டாள். "எங்க சம்பந்தி ஊட்டுல வெப்பாங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்லுவது?

நீங்கள் வந்து நின்ற பிறகுதான் ரசாக் பழசைத் திறந்தான், அது எனக்குத் திருப்தி. தகட்டை எடுத்துப் புதுப் பெட்டிக்குள் மாட்டும்போது நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, எனக்கு ஆசாரி பட்டறைதான் ஞாபகம் வந்தது. ஸ்டிக்கர் முழுசாக உரியவில்லை. 'தம்பிதுரை தேங்' வரைக்கும்தான் வந்தது. அதை அப்படியே ஒட்டியிருக்கிறோம். ரித்திகா மற்றதை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிட்டாள்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். பரீட்சை அன்று காலையில் சென்னியப்பன் தறிக்கூடத்துக்குப் போய் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டான். தறி ஓடினால் லைட்டு மங்கி மங்கி எரியும், அதனால் புது மிஷினுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று. அவன் அப்பா செத்த அன்றும் உங்கள் தங்கச்சி கல்யாணத்தன்றும் நிறுத்தினது, அதற்கப்புறம் இப்போதுதான். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்திலேயே கிடந்து பழகிய எங்களுக்கு வீடு என்னமோ போல இருந்தது. குருவி கத்துவதுகூடக் கேட்டது. மிதுன் கம்பைச் சுற்றாமல் உட்கார்ந்திருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு வெளியே நானும் பிரவீனாவும் நின்றோம். தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. நீங்கள் வைத்த கீபோர்டுதான், எனக்குத் தெரியும், பழசுக்கு அந்தச் சத்தம் இல்லை. அது நிற்கும்போதெல்லாம் பிரவீனா என் கையைப் பிடிப்பாள், மறுபடி கேட்டதும் விடுவாள். கடைசியில் நின்றது. ரித்திகா வெளியே வந்தாள். தலை வாரின மாதிரியே இருந்தது.

"முடிஞ்சுதுங்க ஆத்தா. எங்கயும் நிக்கலை" என்றாள்.

நான் தறிக்கூடத்துப் பக்கம் திரும்பி, "சென்னியப்பா, ஓட்டுடா!" என்று கத்தினேன். அத்தனை தறியும் ஒன்றாகக் கிளம்பின சத்தத்தில்தான் எனக்கு உயிரே வந்தது.

ஆயுத பூசையும் ஆயிற்று. இந்தத் தடவை விபூதியை மேசைக்கு மட்டும் வைத்தேன். ரித்திகா பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திருடனைப் பார்க்கிற மாதிரி. மஞ்சள் பட்டைத் துவைத்து மடித்துப் பிரவீனா பீரோவில் வைத்திருக்கிறாள். பழைய பெட்டியை ரசாக் கேட்டான், சாமான் எடுக்கவாம். இரும்புக்குப் போடமாட்டேன் என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் கொடுத்தேன்.

உங்கள் தோப்பில் புது ஓலை பச்சையாக வருகிறது என்று பிரவீனா சொன்னாள். வரட்டும். லாஸ்யா படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமல்லவா, ரித்திகா தன் முதல் சம்பளத்தில் அத்தை மகளுக்கு... இல்லை, மாமன் மகளுக்கு, எனக்கு இந்த முறையெல்லாம் எழுதும்போது குழம்பும். மாமன் மகளுக்குச் சீர் வைக்கப் போகிறேன் என்கிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எழுதி, அப்புறம் அடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் சடங்குச் சீர் போட்டோ மாட்டியிருக்கிறதே, நீங்கள் தலையில் கம்ப்யூட்டரோடு நடந்து வருகிறது. பெட்டிக்குக் கீழே அத்தனை முடி அப்போது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்கச் சொல்லிவிட்டேன். அன்று நீங்கள் தாம்பாளத்தோடு வாசலில் நின்றபோது கூட வந்த லாஸ்யா போனில் ஒரு போட்டோ எடுத்தாளே, பிரவீனா சிரித்துக்கொண்டே அழுகிறது, நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது எல்லாம் அதில் விழுந்திருக்கிறதாம். "அது கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்க ஆத்தா, எப்ப வேணும்னாலும் பாக்கலாம்" என்கிறாள் ரித்திகா. இருக்கட்டும். இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு நாள் வயதாகும், அப்போது யாரிடம் உத்தரவு கேட்பது?

கடையில் கொடுத்துக் காகிதத்தில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்புங்கள் கண்ணு. ஆணி சும்மா இருக்கிறது.

அத்தை,
பழனாத்தாள்